கனகம்மா எண்ணிய நாட்கள்

அத்தியாயம் பதினேழு

வியாழக்கிழமை விடியும்போதே அனுஷியாவுக்குக் களைத்துப்போயிருந்தது. படுத்து எழும்பின உடம்புக்கு என்ன களைப்பு என்று கேட்கிறவர்கள் அந்த உடம்போடு ஒரு கிழமை இருந்து பார்க்கவேண்டும். எட்டு மணித்தியாலம் நித்திரை கொண்டாலும் விடிய எழும்பும்போது இரவெல்லாம் அரிசி மூட்டை தூக்கினவள் மாதிரித்தான் இருக்கும்.

போன கிழமை அவளைக் கிளினிக் வாங்கில் இருத்திவிட்டு வந்தோம். வெறும் வயிற்றில் ஒருக்கா, இனிப்புத் தண்ணீர் குடித்து இரண்டு மணித்தியாலம் கழித்து இன்னொருக்கா இரத்தம் எடுத்தார்கள். ஸ்கானும் பார்த்தார்கள். அந்த முடிவுகளை இன்றைக்குத்தான் சொல்லப்போகிறார்கள்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்குக் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அனுஷியாவுக்குச் சூலகத்தில் நீர்க்கட்டி என்று பத்தொன்பது வயதிலேயே சொல்லிவிட்டார்கள். கலியாணப் பேச்சு நடந்தபோது அவளின் தாய் அதைப்பற்றி வாயே திறக்கவில்லை. கலியாணம் கட்டி மூன்று வருசம். புருசன் நிருபனுக்கு விசயம் தெரியும், மாமி கனகம்மாவுக்குத் தெரியாது. மாசத்தில் பத்து நாள் குளிசை போட்டால்தான் அவளுக்கு மாதவிலக்கு வரும். அந்தக் குளிசையை மூன்று மாசத்துக்கு முன் அவள் நிறுத்திவிட்டாள். டொக்டரிடம் கேட்கவில்லை, புருசனிடமும் சொல்லவில்லை. சலித்துப்போச்சு, வேறு காரணம் ஒன்றும் இல்லை. கடைசியாய் வந்து இன்றைக்கு எண்பத்தொரு நாள்.

குசினிக்குள் போனால் மேசையில் கிண்ணம் தயாராய் இருந்தது. சட்டியில் உறைந்த கிண்ணியா எருமைத் தயிர், மேலே கித்துள் மரத்து இனிப்புப் பாணி தாராளமாய். பக்கத்தில் இரண்டு பயற்றம் உருண்டை. கனகம்மா கதிரையை இழுத்துவிட்டு, இரு பிள்ளை, வெறும் வயித்தோட வெளிக்கிடாதே என்றார். கனகம்மாவுக்குப் பதினைந்து வருசமாய்ச் சீனி வருத்தம். தேத்தண்ணிக்கு அரைக் கரண்டி சீனி போட்டாலும் விரலைக் குத்திப் பார்க்கிற மனுசி. உனக்கென்ன, நீ சாப்பிடலாம் என்று சொல்லி இன்னும் கொஞ்சம் பாணி ஊற்றினார்.

மூன்று கிழமையாய் இப்படித்தான். அதற்கு முன் மாமி பொல்லாதவர் என்றில்லை. மூன்று வருசத்தில் மருமகளை ஒரு சொல் கூடாமல் சொன்னதில்லை, கிட்ட இருத்தி ஒரு சொல் அன்பாய்ச் சொன்னதும் இல்லை. அப்படிப்பட்டவர் இப்போது தண்ணி வாளியைத் தூக்க விடுவதில்லை. பின்னேரம் கந்தோர் வேலையால் வந்தால் கால் நீட்டி இரு என்கிறார். நிருபனின் மோட்டச்சைக்கிளில் ஏறக்கூடாதாம், ஓட்டோவில் போகட்டாம். வளவில் பழுத்த பப்பாசியை ஒரு துண்டு வெட்டித் தராமல், கேற்றடியில் நின்ற மான்களுக்கு முழுசாய்த் தூக்கிப் போட்டார். வீடு இருக்கிற உவர்மலையில் மான் வந்து கேற்றடியில் நிற்பது புதினமில்லை. கனகம்மா மானுக்குப் பழம் போட்டதுதான் புதினம்.

அனுஷியா ஏன் என்று கேட்கவில்லை. அன்பாய் ஒருவர் கிண்ணத்தை நீட்டினால் வாங்கிச் சாப்பிடுகிற அளவுக்குத்தான் அவளிடம் தென்பு இருந்தது.

கீர்த்தனி குசினிக்குள் எட்டிப் பார்த்தாள். நிருபனின் தங்கச்சி, இருபத்துநாலு வயது, மட்டக்களப்பில் கம்பஸ் முடித்து வந்து ஐந்து மாசம். ஞாயிற்றுக்கிழமை உப்புவெளியில் இருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். காலமைச் சாப்பாட்டை ஒரு மாசமாய் விட்டுவிட்டாள், வெறும் பிளேன்ரீதான். சட்டையின் கழுத்துக்கு மேலே பின்பக்கம் பவுடர் திட்டாய் அப்பியிருந்தது. அவள் தயிர்க் கிண்ணத்தைப் பார்த்து, மச்சாளுக்குக் கொடுத்துவைச்சிருக்கு என்று பகிடியாய்ச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணியோடு போய்விட்டாள்.

வாசலில் ஓட்டோ நின்றது. ஓட்டோக்காரர் கலீலுர் றஹ்மானிடம் மாமி முதல் நாளே சொல்லிவைத்திருக்கிறார். கிளினிக்குக்குப் போகிறேன் என்று மட்டும்தான் அனுஷியா சொன்னாள். என்னத்துக்கு என்று மாமி கேட்கவில்லை. கேட்காமல் நெற்றியில் திருநீறு பூசிவிட்டார். அதுவும் இந்த மூன்று வருசத்தில் முதல் தரம்.

ஓட்டோ மலை இறக்கத்தில் நத்தை மாதிரி ஊர்ந்தது. பள்ளம் கண்ட இடமெல்லாம் கலீலுர் றஹ்மான் நிறுத்தி, விலத்தி, பிறகு எடுத்தார். பின்னால் வந்த லொறி கோர்ன் அடித்தும் மனுசன் அசையவில்லை. கொஞ்சம் கெதியாய்ப் போவமே என்று அனுஷியா, நானா என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டாள்.

“ஏலாது தங்கச்சி. குலுக்காமக் கொண்டுபோகச் சொல்லி உங்கட மாமி சொன்னவ. வேற ஒண்டும் சொல்லேல்ல. எனக்கும் மூணு பிள்ளையள் இருக்கு, இது விளங்காதா? அல்லாஹ் நல்லபடியாத் தருவான்.”

அனுஷியா ஓட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

கனகம்மாவின் வீட்டில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. பின்னேரம் சாமி அறையில் விளக்கு வைப்பது வீட்டின் இளம் பெண்கள் வேலை. திங்கள் தொடக்கம் வெள்ளிமட்டும் அனுஷியா, சனி ஞாயிறு கீர்த்தனி. மாதவிலக்கு வந்தால் ஐந்து நாளைக்குச் சாமி அறைப்பக்கம் போகக்கூடாது. வாய் திறந்து காரணம் சொல்லத் தேவையில்லை. இண்டைக்கு நீங்கள் வையுங்கோ என்று மற்றவரிடம் ஒரு சொல் சொன்னால் போதும், வீட்டுக்கே விளங்கிவிடும். ஆகவே அந்த வீட்டில் ஒரு பெண்ணின் உடம்புக் கணக்கு விளக்கில் இருக்கிறது. கடைசியாய் விலகியிருந்த ஐந்து நாளுக்குப் பிறகு, அந்த விளக்கு அனுஷியாவின் முறையில் ஒரு பின்னேரமும் தவறவில்லை.

மாமி எண்ணியிருக்கிறார். எண்ணி, முழுகாமல் இருக்கிறாள் என்று முடிவுகட்டி, மூன்று மாசம் நிறையுமட்டும் வாய் திறந்தால் நாவூறு படும் என்று பேசாமல் இருந்திருக்கிறார். பேச முடியாததை எல்லாம் தயிராயும் பாணியாயும் ஊற்றியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையோடு பன்னிரண்டு கிழமை முடிகிறது.

உள்ளதைச் சொன்னால் என்ன. அனுஷியாவுக்கு இது முழுப் புதினமும் இல்லை. பப்பாசி மானுக்குப் போன அன்றைக்கே மனதில் ஒரு மூலையில் விளங்கிவிட்டது. விளங்கினதை அவள் எடுத்துப் பார்க்கவில்லை. பார்த்தால் அன்றைக்கே சொல்லவேண்டி வரும், சொன்னால் அன்றைக்கே கிண்ணம் நின்றுவிடும்.

டொக்டர் ரிப்கா கிண்ணியாக்காரி. நாற்பது வயது வரும், காலை எட்டு மணிக்கே கண்ணின் கீழ் கருவளையம். அனுஷியாவின் தாள்களை ஒருமுறைக்கு இரண்டு முறை பார்த்துவிட்டு முதலில் ஸ்கானைச் சொன்னார், கர்ப்பம் இல்லை என்றும் சொன்னார். அது அனுஷியாவுக்குத் தெரியும். பிறகு சீனிக் கணக்கைச் சொன்னார். வெறும் வயிற்றில் நூற்றி எட்டு. இனிப்புத் தண்ணீர் குடித்து இரண்டு மணித்தியாலத்தில் நூற்றி அறுபத்தெட்டு. நூற்றி நாற்பதுக்குக் கீழே நிற்கவேண்டும், இருநூறு வந்தால் சீனி வருத்தம், நீங்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறீர்கள் என்றார்.

முப்பத்தொரு வயதில் எனக்கு என்ன சீனி, எனக்கு இருக்கிறது நீர்க்கட்டிதானே என்று அனுஷியா கேட்டாள்.

டொக்டர் பேனையை வைத்தார். “ரெண்டும் ஒரே வீட்டுக் கதைதான். உங்கட உடம்பில இன்சுலின் இருக்கு. ஆனா உடம்பு அதின்ர சொல்லுக் கேக்குதில்ல. கேக்கேல்ல எண்டு கணையம் கூடக் கூடச் சுரக்குது. அந்தக் கூடின இன்சுலின் சூலகத்தைப் போய் உசுப்பி, ஆண் ஓமோனைக் கூடச் சுரக்கப் பண்ணுது. அப்ப முட்டை முத்தாது, பாதியில நிண்டுடும். ஸ்கான்ல கட்டி எண்டு காட்டுறது அப்பிடிப் பாதியில நிண்டதுகளைத்தான்.”

நாடியில் முளைக்கும் மயிரும் பருவும் அந்த ஓமோனால்தான் என்றார். கழுத்தின் பின்பக்கம் கறுப்பது இன்சுலின் கூடினதின் அடையாளம், அதைத் தேய்த்துக் குளித்துப் போக்க முடியாது. கொஞ்சமாய்ச் சாப்பிட்டும் உடம்பு இறங்கமாட்டேன் என்று அடம்பிடிப்பதும், பின்னேரமானால் உயிர் போகிற களைப்பும் இதற்குள் சேர்த்திதான். உங்களில் சோம்பலும் இல்லை, வாய்க் கட்டுப்பாட்டில் பெரிய குறையும் இல்லை என்று டொக்டர் சொன்னபோது அனுஷியாவுக்கு அழுகை வந்துவிட்டது. பன்னிரண்டு வருசமாய் அவளுக்கு ஒருவரும் அதைச் சொன்னதில்லை. உடம்பைக் குறைக்கச் சொல்லி மட்டும்தான் எல்லாரும் சொன்னார்கள்.

டொக்டர் ஒரு கடதாசியை நீட்டிவிட்டு, குளிசையை நிறுத்தினதுதான் பிழை என்றார். மாதக்கணக்காய் வராமல் விட்டால் கர்ப்பப்பைக்குள் இருக்கிற மெத்தை தடித்துக்கொண்டே போகும், வருசக்கணக்கில் விட்டால் அதில் பொல்லாத வருத்தமும் வரலாம். பிள்ளை வேண்டுமென்றாலும் வேண்டாமென்றாலும் இதைப் பார்த்தே ஆகவேண்டும். பத்து நாளுக்கு ஒரு குளிசை, முடித்து ஒரு கிழமைக்குள் வந்துவிடும். சீனிக்கு இன்னொரு குளிசை, சாப்பாட்டோடு. ஒவ்வொரு நாளும் அரை மணித்தியால நடை. இந்த உடம்போடு பிள்ளை பெற்றவர்கள் எத்தனையோ பேர், முதலில் இதை ஒழுங்குக்குக் கொண்டுவருவோம் என்றார்.

கடைசியாய், இது குடும்பங்களுக்குள் ஓடுகிற வருத்தம், உங்கள் வீட்டில் ஆருக்கும் சீனி இருக்கா, ஆருக்கும் இப்படி மாதம் பிந்துதா என்று கேட்டார். என்னுடைய அம்மாவுக்குச் சீனி இருக்கு என்றாள் அனுஷியா. டொக்டர் குறித்துக்கொண்டார். மூன்று கிழமையாய் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்.

அனுஷியா ஒவ்வொன்றாய்ச் சொன்னாள். விடியத் தயிரும் பாணியும். பத்து மணிக்குப் பேரீச்சம்பழம். மத்தியானம் சோற்றுக்கு மேல் பழம். பின்னேரம் உளுத்தம்மாக் களி சர்க்கரையோடு. வெள்ளிக்கிழமையில் சர்க்கரை போட்டுப் பொங்கின புக்கை. டொக்டரின் பேனை நின்றுவிட்டது.

“இதெல்லாம் ஆர் தாறது?”

“மாமி,” என்றாள் அனுஷியா.

ரிப்கா அவளை ஒரு நிமிசம் பார்த்தார். ஆரோ ஒராள் உங்களில் நல்ல பட்சம் வைச்சிருக்கிறா, அவவுக்கு விசயத்தைச் சொல்லுங்க என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்.

நிருபன் உட்துறைமுக வீதித் தேத்தண்ணிக் கடையில் நின்றான். இழுவைப் படகில் எஞ்சின் பார்க்கிறவன். முதல் நாள் பின்னேரம் வேலைக்கு ஏறி, விடியப்புறம் ஒரு கப்பலை உள்ளே இழுத்துக்கொண்டுவந்து கட்டிவிட்டு, முகம்கூடக் கழுவாமல் வந்திருந்தான். கையெல்லாம் எண்ணெய், கண் இரண்டும் சிவந்துபோயிருந்தது. இரண்டு தேத்தண்ணி சொன்னான். எனக்குச் சீனி வேண்டாம் என்றாள் அனுஷியா. அந்தச் சொல்லில் இருந்தே மிச்சத்தையும் சொல்லத் தொடங்கினாள்.

குளிசையை நிறுத்தினதை முதலில் சொன்னாள். நிருபன் ஏசவில்லை. எனக்குச் சொல்லியிருக்கலாம் என்று மட்டும் சொன்னான். பிறகு ஓட்டோவில் தெரியவந்ததைச் சொன்னாள். தேத்தண்ணிக் கோப்பை அவன் வாய்க்குப் போகும் வழியில் நின்றது. தாய்க்குப் பிறசரும் இருக்கிறது, சீனியும் இருக்கிறது, தகப்பன் போய் இரண்டு வருசமும் ஆகவில்லை. பாவம் மனுசி என்றான். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினான்.

“இஞ்ச பாரும் அனு, ஒண்டும் சொல்லவேண்டாம். இண்டையில இருந்து குளிசையைப் போடும். மூண்டு கிழமைக்குள்ள வந்திடும்தானே. வந்த அண்டைக்கு, மாமி, விளக்கை நீங்கள் வையுங்கோ எண்டு சொல்லும். அது காணும். வயித்தில நிலைக்கேல்ல எண்டு அவ தானாய் விளங்கிக்கொள்ளுவா. அழுவா, பிறகு ஆறிடுவா. உம்மில ஒருத்தரும் பிழை சொல்லமாட்டினம்.”

அவன் கெட்டவன் இல்லை. பதினாறு மணித்தியாலம் எஞ்சின் சத்தத்துக்குள் நின்றுவிட்டு வந்த மனுசனுக்கு, ஒரு வார்த்தையும் பேசாமல் முடிகிற வழி நல்ல வழியாய்த்தான் தெரியும்.

அனுஷியா அதை மனதுக்குள் வைத்துப் பார்த்தாள். மாமி கட்டிப்பிடித்து அழுவார். பத்தியச் சாப்பாடு சமைப்பார். சொந்தக்காரர் வருவார்கள், ஒருக்காத் தங்கினதுதானே, திரும்பவும் தங்கும் என்பார்கள். அதற்குப் பிறகு மலடி என்ற சொல்லை அவளில் ஒட்ட ஊரில் ஒருத்தராலும் ஏலாது. மூன்று வருசமாய் அந்தச் சொல் தன்னைத் தேடிவரும் என்று அவள் பயந்துகொண்டுதான் இருக்கிறாள். ஒரு சின்ன வசனம், அதுவும் பொய்கூட இல்லாத வசனம், அதைச் சொன்னால் அந்தப் பயம் தீர்ந்துவிடும். ஆசை வரவில்லை என்று சொன்னால் அது பொய்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் அந்த ஆசையோடுதான் வந்தாள். கந்தோருக்கு அரை நாள் லீவு போட்டிருந்தாள். மத்தியானம் முழுக்கக் கட்டிலில் கிடந்தாள், நித்திரை வரவில்லை. இல்லாத பிள்ளைக்கு ஒரு சாவு வேண்டும், அதற்கு மாமி அழவேண்டும், அந்த அழுகைக்குப் பக்கத்தில் தான் இருந்து முகத்தை வைத்துக்கொள்ளவேண்டும். அடுத்த வருசம் அந்த நாள் வரும். மாமி மறக்கமாட்டார், நாள் எண்ணுகிறதில் அவரை வெல்ல ஆள் இல்லை. தன் உடம்பைச் சுமக்கிறதே பெரும்பாடாய் இருக்கிறபோது இதையும் சேர்த்து எத்தனை வருசம் சுமக்கிறது? நினைக்கவே அவளுக்கு இன்னும் களைத்தது.

ஐந்து மணிக்குக் கீர்த்தனி அறைக்குள் வந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்த சாறியின் சட்டை கையில் இறுக்குதாம். அதைச் சொல்லிவிட்டு, மச்சாள், உங்கட சாவணத்தை ஒருக்காத் தாங்கோ என்று கேட்டாள். அனுஷியா மேசை லாச்சியில் இருந்து சாவணத்தை எடுத்துக் கொடுத்தாள். கண்ணாடிக்கு முன் நின்று நாடியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கீர்த்தனி ஒவ்வொரு மயிராய்ப் பிடுங்கத் தொடங்கினாள். அனுஷியாவின் மனம் வேறு எங்கோ இருந்தது.

வெளியே மாமி அரளிப்பூ ஆய்ந்துகொண்டிருந்தார். அனுஷியாவைக் கண்டதும், ஞாயிற்றுக்கிழமை நீ குசினிக்குள்ள நிண்டு மினைக்கெடவேண்டாம், சாறி உடுத்திக்கொண்டு முன்னால வந்து இரு என்றார். அவையளுக்கும் ஒரு நல்ல செய்தி சொல்லலாம் என்று சொல்லிவிட்டு, சொன்னது கூடிப்போனது போல வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு, டொக்டர் என்ன சொன்னவ என்று கேட்க மனம் உந்தி, கேட்காமல் பூவைக் குனிந்து பார்த்தார்.

ஆறு மணிக்குத் திரி எல்லாம் போட்டுத் தயாராய் இருந்தது. அனுஷியா முகம் கழுவி, சாமி அறைக்குள் போய் விளக்கை ஏற்றினாள். ஏற்றிவிட்டு வழக்கம்போல வெளியே போகவில்லை. அங்கேயே பூக் கட்டிக்கொண்டிருந்த மாமிக்கு முன்னால் நிலத்தில் இருந்தாள். நிருபன் கூடத்தில் நின்றான். அவள் இருந்த விதத்திலேயே அவனுக்கு விளங்கிவிட்டது. ஒரு அடி முன்னுக்கு வைத்தான், பிறகு நின்றுவிட்டான்.

“மாமி, நான் பிள்ளைத்தாச்சி இல்லை.”

கனகம்மா விளங்காதவர் மாதிரிப் பார்த்தார். இண்டைக்கும் நீதானே விளக்கு வைச்சனி என்றார்.

அனுஷியா சொன்னாள். பத்தொன்பது வயதில் இருந்து சொன்னாள். தாய் மறைத்ததைச் சொன்னாள், தான் மறைத்ததையும் சொன்னாள். குளிசை போட்டு வந்ததையும், விட்டதால் நின்றதையும் சொன்னாள். இன்சுலினையும் ஓமோனையும் டொக்டர் சொன்ன மாதிரிச் சொல்ல வரவில்லை. உடம்பு சொல்லுக் கேட்கமாட்டேன் என்கிறது, அதனால் சீனியும் ஏறுது, முட்டையும் முத்துதில்லை என்று தனக்குத் தெரிந்த மட்டில் சொன்னாள். நூற்றி அறுபத்தெட்டு என்றாள். அந்தக் கணக்கு கனகம்மாவுக்கு உடனே விளங்கியது. மற்றதெல்லாம் மெல்ல மெல்லத்தான் விளங்கியது.

மாமி அழவும் இல்லை, சத்தம் போடவும் இல்லை. நான் இப்பிடி நினைச்சுக்கொண்டிருக்கிறன் எண்டு உனக்கு எப்ப தெரியும் என்று மட்டும் கேட்டார்.

இதற்கும் ஒரு பொய் கையோடு இருந்தது. இன்றைக்குத்தான் என்று சொல்லலாம்.

“பப்பாசிப் பழத்தை மானுக்குப் போட்டியளே, அண்டைக்கு.”

“அது மூண்டு கிழமை.”

“ஓம் மாமி. நீங்கள் அன்பாய் இருந்தியள். அது போயிடும் எண்டு பயந்து பேசாமல் இருந்திட்டன்.”

கனகம்மாவின் முகம் சுருங்கியது. கோபமா, வெட்கமா என்று அனுஷியாவால் சொல்ல முடியவில்லை. மூன்று வருசம் ஒரே குசினியில் நின்ற மருமகள், அன்புக்கு ஒரு காரணம் வேண்டும் என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அப்படி நினைக்கவைத்தது ஆர் என்று அந்த மனுசிக்கும் ஒரு கணம் தோன்றியிருக்கவேண்டும். எழும்பிக் குசினிக்குப் போனார். அலுமாரியில் இருந்து பாணிப் போத்தலை எடுத்து, மூடியை இறுக்கி, மேல்தட்டுக்கு ஏற்றினார். கை எட்டவில்லை. நிருபன் போய் வாங்கி வைத்தான்.

தாய் மகனைத் திரும்பிப் பார்த்து, உனக்கும் தெரியும் என்ன என்று கேட்டார். அவன் தலையைக் குனிந்தான். கடையில் தான் சொன்ன யோசனையை அனுஷியா சொல்லிவிடுவாளோ என்ற பயம் அவன் முகத்தில் அப்பட்டமாய் இருந்தது. அவள் அதை மட்டும் சொல்லவில்லை.

கனகம்மா திரும்பி வந்து சாமி அறை வாசலில் இருந்தார். மருமகளுக்குக் கிட்டவும் இல்லை, தூரவும் இல்லை. நானே உனக்குச் சீனியைத் தீத்தியிருக்கிறன் என்றார். அதால மட்டும் இல்லை மாமி என்று அனுஷியா சொன்னாள். உப்புவெளிக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை என்னத்தைச் சொல்லுறது என்று மாமி தனக்குத்தானே முணுமுணுத்தார்.

பிறகு நிமிர்ந்து கேட்டார். “இது ஆருக்கு வருமெண்டு டொக்டர் சொன்னவ?”

“குடும்பங்களுக்குள்ள ஓடுமாம் மாமி. சீனி வருத்தம் உள்ள வீடுகளில கூட வருமாம். கழுத்து கறுக்குமாம். நாடியில மயிர்…”

சொல்லிக்கொண்டு வந்தவள் நின்றாள். உள் அறையில் கீர்த்தனி இன்னும் கண்ணாடிக்கு முன்னால்தான் நின்றாள். சாவணத்தை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது.

கனகம்மா தன் விரல் நுனிகளைப் பார்த்தார். பதினைந்து வருசமாய்க் குத்திக் குத்திக் காய்த்துப்போன நுனிகள். பிறகு ஒவ்வொரு விரலாய் மடிக்கத் தொடங்கினார். தன்னுடைய எண்பத்தொரு நாளைத்தான் மாமி திரும்பவும் எண்ணுகிறார் என்று அனுஷியா நினைத்தாள்.

“கீர்த்தனி வீட்டுக்கு வந்து அஞ்சு மாசம்,” என்றார் மாமி. “இந்த அஞ்சு மாசத்தில ஒரு சனிக்கிழமை, ஒரு ஞாயிற்றுக்கிழமை, தனக்குப் பதிலாய் விளக்கு வைக்கச் சொல்லி உன்னைக் கேட்டவளோ?”

அனுஷியா யோசித்தாள். யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

“இல்லை மாமி. ஒரு நாளும் கேக்கேல்ல.”

கனகம்மா மடித்த விரல்களை மடியில் வைத்துக்கொண்டு மகள் நின்ற அறையின் கதவைப் பார்த்தார்.

“உன்ர நாளை ஒண்டும் பிசகாமல் எண்ணினனான்,” என்றார். “என்ர பிள்ளையின்ர நாளை எண்ணாமல் விட்டிட்டன்.”